யார் சொன்னது, எதற்காகச் சொன்னது?
பள்ளியில் சமூகவியலும் குடிமைத் திறன்களும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் கட்டுரை வடிவம்)



பெற்றோர் - ஆசிரியர் சந்திப்பு நாளில் பள்ளி மண்டபத்துக்குப் போனவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாக இருக்கும். கணக்கு ஆசிரியரின் மேசைக்கு முன்னால் வரிசை நீண்டிருக்கும். அறிவியல் ஆசிரியரைப் பார்க்கவும் கூட்டம் காத்திருக்கும். சமூகவியல் ஆசிரியர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் வருகிற ஓரிருவரும், "இதுக்கெல்லாம் டியூஷன் வேணுமா சார், புத்தகத்தை மனப்பாடம் பண்ணினால் போதாதா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்தக் கேள்வியைக் குறை சொல்வதற்கில்லை. நாம் படித்த காலத்தில் வரலாறும் குடிமையியலும் மனப்பாடப் பாடங்களாகத்தான் இருந்தன. ஆண்டு, பெயர், இடம் மூன்றும் தெரிந்தால் தேர்ச்சி. ஆனால் நம் பிள்ளைகள் 'சோஷியல் ஸ்டடீஸ்' என்று சொல்லும் இன்றைய சமூகவியலை மனப்பாடம் செய்து எழுத முடியாது. தேர்வுத்தாளில் வரும் பெரும்பகுதியை மாணவர்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். இந்தப் பாடம் எப்படி வந்தது, உண்மையில் எதைக் கற்றுக்கொடுக்க முயல்கிறது, எங்கே வழுக்குகிறது, தமிழ்க் குடும்பங்களுக்கு அதில் என்ன வேலை இருக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

பாடம் பிறந்த கதை

1996ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்த ஆசிரியர் தினக் கூட்டத்தில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங் ஒரு கவலையை வெளியிட்டார். சிங்கப்பூர் எப்படித் தனிநாடானது என்பதுகூட இளையர்கள் பலருக்குத் தெரியவில்லை என்பதே அந்தக் கவலை. அடுத்த ஆண்டு, 1997 மே மாதம், அப்போது துணைப் பிரதமராக இருந்த லீ சியன் லூங் தேசியக் கல்வித் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். அதன் தொடர்ச்சியாக 2001இல் உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்களுக்குச் சமூகவியல் கட்டாயத் தேர்வுப் பாடமானது. ஒருங்கிணைந்த மனிதவியல் பாடத்தில் சரிபாதி அதற்குரியது. மறுபாதியில் வரலாறு, புவியியல், இலக்கியம் ஆகியவற்றில் ஒன்றை மாணவர் தேர்ந்தெடுக்கலாம். சமூகவியலைத் தவிர்க்க முடியாது.

தொடக்கநிலையிலும் சமூகவியல் உண்டு. குடியிருப்பு வட்டாரம், நாட்டின் சின்னங்கள், முன்னோர் வந்த கதை, அண்டை நாடுகள் என்று அது விரியும். ஆனால் பிஎஸ்எல்இ தேர்வில் அந்தப் பாடம் இல்லை. தேர்வில் இல்லாத பாடத்துக்கு வீட்டில் என்ன மரியாதை கிடைக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. விளைவு, ஒன்பது பத்து வயதில் இயல்பாகக் கேட்கப் பழகியிருக்க வேண்டிய கேள்விகளைப் பிள்ளைகள் பதினைந்து வயதில், அதுவும் மதிப்பெண்ணுக்காக, கேட்கத் தொடங்குகிறார்கள்.

சான்றுக் கேள்வி என்றால் என்ன?

2017 முதல் நடப்பில் இருந்த சாதாரண நிலைத் தேர்வுத் தாளில் சமூகவியலுக்கு 50 மதிப்பெண். அதில் 35 மதிப்பெண் சான்றுகளை அடிப்படையாகக் கொண்ட கேள்விகளுக்குப் போனது. சான்று என்றால் செய்தித்தாள் துணுக்கு, கேலிச்சித்திரம், அமைச்சரின் பேச்சு, இணையத்தில் யாரோ எழுதிய கருத்து, புகைப்படம், புள்ளிவிவர அட்டவணை என்று எதுவாகவும் இருக்கலாம். ஒரே பிரச்சினையைப் பற்றி நான்கைந்து சான்றுகளைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள்.

பெற்றோருக்கு விளங்குவதற்காக நானே ஓர் உதாரணத்தைக் கற்பனையாக அமைத்துக் காட்டுகிறேன். ஒரு வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். அதைத் தடை செய்யலாமா என்பது பிரச்சினை. முதல் சான்று, பந்து விளையாடக் கூடாது என்று நகர மன்றம் ஒட்டிய அறிவிப்பு. இரண்டாவது, இரண்டாம் மாடியில் கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு தாயார் எழுதிய கடிதம். இரவு பத்து மணிக்கும் சுவரில் பந்து மோதும் சத்தம் நிற்பதில்லை என்கிறார். மூன்றாவது, பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இணையத்தில் எழுதியது: "எங்கே போனாலும் விரட்டுகிறார்கள், நாங்கள் எங்கேதான் விளையாடுவது?" நான்காவது, வசிப்போர் குழு எடுத்த கருத்தாய்வு. வீட்டில் இருந்தவர்களிடம் கேட்டதில் பெரும்பாலோர் தடையை ஆதரித்தார்கள் என்கிறது.

முதல் கேள்வி, பையனின் பதிவிலிருந்து என்ன தெரிகிறது என்பதாக இருக்கும். 'அவனுக்கு விளையாட இடமில்லை' என்பது மேலோட்டமான விடை. தன்னைப் போன்றவர்களிடம் யாரும் கருத்தே கேட்கவில்லை என்ற மனக்குறை அந்த வரிக்குள் இருக்கிறது. சொல்லாமல் சொன்ன அதைப் பிடிப்பதுதான் உய்த்துணர்தல். அடுத்தது, தாயார் அந்தக் கடிதத்தை எழுதிய நோக்கம் என்ன? 'சத்தத்தைப் பற்றிச் சொல்வதற்காக' என்று எழுதினால் பாதி விடைதான். யாரை நோக்கி எழுதினார், படித்தவர் என்ன செய்ய வேண்டும் என்று விரும்பினார் என்று சொன்னால்தான் நோக்கம் முழுமையாகும்.

எனக்கு மிகவும் பிடித்தது நான்காவது சான்று. புள்ளிவிவரம் என்றதும் பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுகிறார்கள்; பெரியவர்களும்தான். கருத்தாய்வை எப்போது எடுத்தார்கள் என்று ஒரு மாணவி கேட்டால் போதும், முழுப் படமும் மாறிவிடும். வேலைநாள் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டியிருந்தால் வீட்டில் இருந்தது யார்? தாத்தா பாட்டிகளும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும்தான். பந்து விளையாடுகிறவர்கள் எல்லாரும் அந்நேரம் பள்ளியில் இருந்திருப்பார்கள். எண்ணில் பொய் இல்லை. ஆனால் யாரிடம் கேட்டு வந்த எண் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கடைசிக் கேள்வி பெரியது. தடை சரியானது என்ற கருத்தை இந்தச் சான்றுகள் எந்த அளவுக்கு ஆதரிக்கின்றன? இங்கே மாணவர் தம் சொந்த அபிப்பிராயத்தை முதலில் எழுதிவிட்டு அதற்கு ஆதாரம் தேடக் கூடாது. எல்லாச் சான்றுகளையும் இரு பக்கமும் நிறுத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு எடை தாங்கும் என்று பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். நம் வீட்டுச் சண்டைகளிலும் சங்கக் கூட்டங்களிலும் இந்த வரிசையைப் பெரும்பாலும் தலைகீழாகத்தான் செய்கிறோம் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடலாம்.

வாய்பாடு செய்யும் கேடு

இவ்வளவு நல்ல நோக்கத்தோடு வந்த பாடத்தைப் பதப்படுத்தி டப்பாவில் அடைத்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். தேர்வு நெருங்கும்போது துணைப்பாட நிலையங்களிலும் சில வகுப்பறைகளிலும் வாய்பாடு ஓதப்படுகிறது. நோக்கம் பற்றிய கேள்வியா, முதல் வரி இப்படி, இரண்டாம் வரி அப்படி. நம்பகத்தன்மைக் கேள்வியா, இன்ன சொல்லில் தொடங்கு. பிள்ளைகளும் இயந்திரம் போல எழுதுகிறார்கள்: 'இவர் பாதிக்கப்பட்டவர், ஆகவே ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறார், ஆகவே நம்ப முடியாது.'

இந்த விடையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாதிக்கப்பட்டவர் பேச்சை நம்ப முடியாதென்றால் யார் பேச்சைத்தான் நம்புவது? சத்தத்தில் தூங்க முடியாத தாயாருக்குச் சார்பு உண்டு, சந்தேகமில்லை. ஆனால் இரவு பத்து மணிக்குச் சத்தம் கேட்டதா இல்லையா என்பதற்கு அவரைவிடப் பொருத்தமான சாட்சியும் கிடையாது. அவர் எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சியாக முடியாது என்று பிரித்தறிவதுதான் திறன். அவர் சொன்னது மற்றச் சான்றோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பதுதான் வழி. வாய்பாடு மட்டும் தெரிந்த பிள்ளை அரசாங்க அறிவிப்பை முழுதாக நம்பும், சாதாரண மனிதரின் சொல்லை முழுதாகத் தள்ளும். அல்லது, வயது ஏறியதும், நேர்மாறாகச் செய்யும். இரண்டும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரு பக்கங்கள்.

ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வாரத்தில் கிடைப்பது சில பாடவேளைகள். வகுப்பில் நாற்பது பேர் வரை இருப்பார்கள். ஒவ்வொருவரும் பேசி, மறுத்து, திருத்திக்கொள்ளும் அளவுக்கு நேரம் எங்கே? அந்த நேரத்தை வேறெங்காவது தேட வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இலங்கையைப் பற்றிப் படித்த தலைமுறை

2001இல் வந்த பாடநூலில் பல இனங்கள் வாழும் நாடுகளில் பூசல் எப்படி மூள்கிறது என்று விளக்க இரண்டு நாடுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று வட அயர்லாந்து, மற்றது இலங்கை. 2016இல் புதிய பாடத்திட்டம் வரும் வரைக்கும், ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள், சிங்கப்பூரின் உயர்நிலை மாணவர்கள் தேர்வுக்காக இலங்கைத் தமிழரின் கதையைப் படித்தார்கள். சீன மாணவரும் மலாய் மாணவரும் 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தைப் பற்றி ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதத் தெரிந்திருந்தார்கள். தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் பலரும்கூட இவ்வளவு ஒழுங்காக அதைப் படித்திருப்பார்களா என்பது எனக்கு ஐயம்தான்.

பாடம் சொன்ன காரணங்கள் இவை. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவரானார்கள். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியானது. தமிழில் படித்தவர்களுக்கு அரசாங்க வேலை எட்டாக்கனியாயிற்று. 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தலால் தமிழ் மாணவர் கூடுதல் மதிப்பெண் வாங்க வேண்டியிருந்தது. தமிழர் வாழ்ந்த பகுதிகளில் நடந்த குடியேற்றம் இன்னொரு காரணம். பிறகு 1983 ஜூலைக் கலவரம், போர், 1987இல் இந்தியப் படை வந்தது என்று விளைவுகள் தொடரும். போர் 2009 மே மாதம்தான் முடிந்தது. ஆக, அந்தத் தலைமுறையில் பலர் இந்தப் பாடத்தைப் படித்தபோது செய்தித்தாளில் அதே போர் தினமும் வந்துகொண்டிருந்தது.

அப்போது வகுப்பில் உட்கார்ந்திருந்த தமிழ் மாணவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூர்த் தமிழரில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் கணிசமாக உண்டு. வீட்டில் அப்பம்மா சொன்ன கதை ஒன்று. புத்தகத்தில் நான்கு தலைப்பில் வகுத்த காரணங்கள் வேறொன்று. வகுப்பில் உள்ள ஒரே தமிழ் மாணவரைப் பார்த்து, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று நண்பர்கள் திரும்பும்போது அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் பேசும்? சிலர் கொதித்துப் பேசினார்கள். பலர் மௌனமாக இருந்துவிட்டு, தேர்வில் புத்தகம் சொன்னதை எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். அந்த மௌனத்தை ஒழுக்கம் என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த அத்தியாயம் இருந்தது நல்லது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் 'அவர்கள் தவறினார்கள், நாம் தவறவில்லை' என்ற ஒற்றை வரிக்காக ஒரு நாட்டின் துயரத்தைப் படிப்பது போதாது. சிங்களவர் எல்லாரும் ஒரே குரலில் பேசினார்களா என்று கேட்க வேண்டும். பேசவில்லை. 1956இல் அந்தச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்தவர்களில் கொல்வின் ஆர். டி சில்வா போன்ற சிங்கள இடதுசாரித் தலைவர்களும் இருந்தார்கள். அடுத்த ஆண்டே, 1957 ஜூலையில், பிரதமர் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எதிர்ப்புக்குப் பணிந்து 1958 ஏப்ரலில் பிரதமர் அதைக் கைவிட்டார். வேறு பாதை ஒன்று கண் முன்னால் திறந்திருந்தது என்பதற்கு இது சான்று. ஆங்கில ஆட்சிக்காலத்தில் யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த தமிழர்கள் அரசாங்கப் பணிகளில் தங்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாக இருந்ததும், அது சிங்களக் கிராமத்தாரிடம் மனக்குறையை வளர்த்ததும் படிக்க வேண்டியவைதான். அந்த மனக்குறையைப் புரிந்துகொள்வதால் அதற்குத் தீர்வாகக் கொண்டுவந்த சட்டம் நியாயமாகிவிடாது. ஒன்றைப் புரிந்துகொள்வது வேறு, அதை ஏற்றுக்கொள்வது வேறு என்று பதினைந்து வயதில் ஒரு பிள்ளைக்கு விளங்கினால், அதைவிடப் பெரிய குடிமைப் பாடம் இல்லை.

இங்கே இன்னோர் இழையும் உண்டு. நம் பள்ளிகளில் ஒவ்வொரு காலையும் சொல்லப்படும் தேசியப் பற்றுறுதியின் வரைவை 1966இல் எழுதியவர் எஸ். ராஜரத்தினம். அவர் 1915இல் பிறந்தது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில். இனம், மொழி, சமயம் என்ற மூன்று பிரிவினைகளையும் தாண்டி நிற்பதாக அந்தப் பற்றுறுதியில் நாம் சொல்கிறோம். இலங்கை ஒற்றை ஆட்சிமொழியைத் தேர்ந்து பத்து ஆண்டுகள் ஆன பிறகு எழுதப்பட்ட வாசகம் அது. முந்தைய ஆண்டு, 1965இல், சிங்கப்பூர் நான்கு அதிகாரத்துவ மொழிகளைச் சட்டத்தில் உறுதி செய்திருந்தது. அவற்றில் ஒன்று தமிழ். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், தினமும் காலையில் தூக்கக் கலக்கத்தோடு சொல்லும் வரிகளுக்குப் பிள்ளைகளிடம் ஒரு பொருள் கிடைக்கும்.

2016இல் தொடங்கிய பாடத்திட்டத்தில் அந்த இரு நாட்டு அத்தியாயங்களும் பழைய வடிவில் இல்லை. குடியுரிமையும் ஆளுமையும், பன்முகச் சமுதாயத்தில் வாழ்தல், உலகமயமான உலகில் பங்கு பெறுதல் என்று மூன்று பெரும் பிரச்சினைகளாகப் பாடம் பிரிக்கப்பட்டது. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு சமூகப் பிரச்சினையை ஆராய்ந்து, தகவல் திரட்டி, பரிந்துரை சொல்லும் பயிற்சியும் சேர்ந்தது. இது நல்ல மாற்றம். ஆனால் அயல்நாட்டுக் கதை போனபின் உள்ளூர் விஷயங்களைப் பேச வேண்டியிருக்கிறது. அது இன்னும் கடினம்.

மறுத்துப் பேசும் கலை

நல்லிணக்கம் முக்கியம் என்று கட்டுரை எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் அருமையாக எழுதுவார்கள். இடைவேளையில் ஒரு நண்பன் தோல்நிறத்தைப் பற்றி ஒரு 'ஜோக்' அடித்தால் என்ன சொல்வது என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துவிட்டுப் போய்விடுவதாகச் சொல்பவர்களே அதிகம். சிலர் பதிலுக்கு ஒரு 'ஜோக்' சொல்வார்கள். இரண்டிலும் பாடம் தோற்றுப்போகிறது.

மறுத்துப் பேசுவதைப் பழக்க முடியும். அதற்கு வகுப்பறையில் ஓர் எளிய ஒழுங்கு உண்டு. முதலில் எதிராளி சொன்னதை, அவர் ஒத்துக்கொள்ளும்படி, நம் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு, "இதை எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்க வேண்டும். அதற்குப் பின்தான் நம் மறுப்பு. அதுவும் ஆளைப் பற்றியதாக இல்லாமல் சொன்ன விஷயத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. பட்டிமன்றம் பார்த்துப் பழகிய நமக்கு முதல் படியே கடினம். எதிரணி சொன்னதைக் கிண்டலாகத் திரித்துச் சொல்லிக் கைதட்டல் வாங்குவதுதான் நமக்குத் தெரிந்த முறை. பட்டிமன்றம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது வகுப்பறைக் கலந்துரையாடலுக்கு முன்மாதிரி ஆகாது.

'ஜோக்' விஷயத்திலும் இதே ஒழுங்கு உதவும். "நீ வேடிக்கையாகத்தான் சொன்னாய், தெரியும். ஆனால் இதையே என் தங்கையிடம் சொல்வாயா?" என்று ஒரு பிள்ளை அமைதியாகக் கேட்டால் அங்கே நட்பும் முறியாது, அவமதிப்பும் நிலைக்காது. சிறுபான்மையினரின் பிள்ளைக்கு இந்தத் திறன் ஓர் அலங்காரம் இல்லை. நாளைக்கு வேலையிடத்திலும் தேசிய சேவையிலும் தேவைப்படும்.

சேவையும் மணிக்கணக்கும்

குடிமைத் திறனின் இன்னொரு பாதி செயல். 1997இல் தொடங்கிய சமூக ஈடுபாட்டுத் திட்டத்தின்கீழ் மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு மணி நேரமாவது சேவையாற்ற வேண்டியிருந்தது. கொடிநாள் உண்டியலோடு எம்ஆர்டி நிலைய வாசலில் நின்ற பிள்ளைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். எத்தனை மணி ஆயிற்று என்று எண்ணுவதே பெரிதாகிவிட்டதால், 2012இல் நற்பண்புகளைச் செயலில் காட்டும் திட்டமாக அது மாற்றப்பட்டது. மணிக்கணக்கைவிட மாணவர் எதைக் கற்றுக்கொண்டார் என்பதற்கு முதன்மை கொடுப்பது அதன் நோக்கம்.

நோக்கம் நிறைவேறுவது பள்ளியைப் பொறுத்தது. முதியோர் நடவடிக்கை நிலையத்துக்கு ஒரு நாள் போய், பாட்டுப் பாடி, அன்பளிப்புப் பை கொடுத்து, படம் எடுத்துத் திரும்புவது ஒரு வகை. அதே நிலையத்துக்குப் பல வாரம் போய், அங்குள்ள முதியவர்களுக்கு எது சிரமம் என்று கேட்டறிந்து, மருந்தகத்திலிருந்து வரும் ஆங்கிலக் கடிதத்தைத் தமிழிலோ மலாயிலோ சீனத்திலோ படித்துக் காட்டுவது இன்னொரு வகை. தமிழ் மட்டுமே தெரிந்த முதியவர் பக்கத்தில் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் மருத்துவர் சந்திப்பைப் பதிவு செய்ய உதவும் மாணவிக்கு, எல்லாச் சேவையும் இணையத்துக்குப் போனால் யார் விடுபட்டுப்போகிறார்கள் என்பது புத்தகம் இல்லாமலே தெரிந்துவிடும். தமிழ் வகுப்பில் பெற்ற மொழி அங்கே ஒரு குடிமைக் கருவியாகிறது.

வீட்டில் கிடைக்கும் நேரம்

வகுப்பறையில் கிடைக்காத நேரத்தை எங்கே தேடுவது என்று முன்பு விட்டுவந்தேன். வீட்டில்தான். அதற்குப் பெற்றோர் பாடநூல் படிக்கத் தேவையில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் செய்திகளையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்ன காய்ச்சலுக்கு இன்ன கஷாயம், இன்ன இனத்தவர் இன்ன இடத்தில் இப்படிச் செய்தார்கள், உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும். இதில் யார் எழுதியது என்ற பெயர் இருக்காது, தேதி இருக்காது, இடம் இருக்காது. இணையப் பொய்ச் செய்திகளுக்கு எதிரான சட்டம் 2019இல் வந்துவிட்டது. தேசிய நூலக வாரியமும் 2013 முதல் தகவலைச் சரிபார்க்கும் பழக்கத்தை மக்களிடம் பரப்பி வருகிறது. ஆனால் பெரியப்பா அனுப்பிய செய்தியைச் சட்டம் வந்து சரிபார்க்காது. அதைப் பள்ளியில் சான்றுக் கேள்விக்கு விடை எழுதும் பிள்ளையிடம் கொடுத்து, "இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்று கேளுங்கள். பிள்ளை தவறென்று கண்டுபிடித்தால், "பெரியவங்க சொன்னதை மறுக்கிறாயா?" என்று அடக்காதீர்கள். பெரியப்பாவிடம் அதை எப்படி மரியாதையாகச் சொல்வது என்று சேர்ந்து யோசியுங்கள். நம் பண்பாட்டில் அது தனி வித்தை. திருக்குறளின் அறிவுடைமை அதிகாரத்தை மனப்பாடம் செய்து பரிசு வாங்கும் பிள்ளைகள், அதன் மூன்றாவது குறளையும் சமூகவியல் தாளின் சான்றுக் கேள்வியையும் இணைத்துப் பார்ப்பதே இல்லை. இரண்டும் வேறு வேறு பாடவேளையில் வருவதுதான் காரணம் போலும்.

நாளிதழும் உதவும். ஒரே நிகழ்ச்சியைத் தமிழ் நாளிதழ் எப்படிக் கொடுத்திருக்கிறது, ஆங்கில நாளிதழ் எப்படிக் கொடுத்திருக்கிறது என்று வாரத்துக்கு ஒரு நாள் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைப்பு எதை முன்னிறுத்துகிறது, யாருடைய கருத்தைக் கேட்டிருக்கிறார்கள், எதை விட்டிருக்கிறார்கள் என்று கேட்டால் பத்து நிமிடம் ஓடிவிடும். மதிப்பெண்ணிலேயே கண்ணாக இருக்கும் பெற்றோருக்கு ஒரு சேதி: தமிழ்ப் பேச்சுத் தேர்விலும் இன்று காணொளியைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் தமிழில் இப்படிப் பேசிப் பழகிய பிள்ளைக்கு அங்கே சொல் தட்டுப்படாது. தொடக்கப்பள்ளிகளில் குணநலன், குடிமைக் கல்வியின் ஒரு பகுதியைத் தாய்மொழி ஆசிரியர்கள் தாய்மொழியிலேயே நடத்துவதும் பலருக்கு மறந்துபோகும் விஷயம். பகிர்தல், பொறுப்பு, மற்றவர் சமயத்தை மதித்தல் ஆகியவற்றை நம் பிள்ளைகள் பள்ளியில் முதலில் கேட்பது தமிழில். உயர்நிலைக்குப் போனதும் எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. அந்த நூலை அறுந்துபோகாமல் வைத்திருக்கப் பள்ளியால் இயலாது, வீட்டால் இயலும்.

இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். சமூகவியல் என்ற பெயரில் வரும் பாடம் பதினாறு, பதினேழு வயதில் முடிந்துவிடுகிறது. சிங்கப்பூரில் வாக்களிக்கும் வயது 21. அப்போது வாக்களிப்பது கட்டாயமும்கூட. மலேசியாவில் 2021 டிசம்பர் முதல் 18 வயதிலேயே வாக்குரிமை வந்துவிடுகிறது. இங்கே பள்ளிக்கும் வாக்குச் சாவடிக்கும் நடுவில் நான்கைந்து ஆண்டு இடைவெளி. அந்த ஆண்டுகளில்தான் இளையர்கள் இணையத்தில் அதிக நேரம் செலவிடுகிறார்கள்.

தாத்தா பாட்டியிடம் ஒரு பேட்டி

இறுதியாக, இந்த ஆண்டுப் பள்ளி விடுமுறையில் செய்யக்கூடிய ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 21ஆம் தேதி பள்ளிகளில் இன நல்லிணக்க நாள் வருகிறது. பிள்ளைகள் சேலையும் பாஜு குரோங்கும் சீன உடையும் மாற்றி மாற்றி அணிந்து பலகாரம் பகிர்ந்துகொள்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஏன் அந்தத் தேதி என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் வராது. 1964 ஜூலை 21ஆம் தேதி நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. செப்டம்பரில் மறுபடியும் கலவரம். மேலும் 13 பேர் மாண்டார்கள்.

அந்த நாள்களை நேரில் கண்ட தாத்தா பாட்டிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், எண்ணிக்கை குறைந்துவருகிறது. உங்கள் பிள்ளையை அவர்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள். அன்றைக்கு எங்கே குடியிருந்தீர்கள், அக்கம்பக்கத்தில் யார் இருந்தார்கள், கலவரம் என்று யார் வந்து சொன்னது, கண்ணால் பார்த்தது எது, காதால் கேட்டது எது என்று கேட்கட்டும். கைத்தொலைபேசியில் பதிவு செய்யட்டும். பிறகு பாடநூலில் உள்ளதோடு ஒப்பிடட்டும். தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்து வருகிறது. அந்தத் தொகுப்பில் தமிழ்ப் பேட்டிகளும் உண்டு. கேள்வியை எப்படி அமைப்பது என்று தெரிந்துகொள்ள அவற்றில் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

பாட்டி சொல்வதும் புத்தகம் சொல்வதும் சில இடங்களில் முட்டும். பதற வேண்டாம். பாட்டி இருந்தது செம்பவாங்கிலா, கேலாங்கிலா என்று பாருங்கள். அப்போது அவருக்கு என்ன வயது என்று பாருங்கள். பதிவின் தொடக்கத்திலேயே தேதியையும் பேட்டி எடுத்த இடத்தையும் பிள்ளை சொல்லி வைக்கட்டும். அடுத்த ஆண்டு அதே கேள்விகளைக் கேட்டால் ஒன்றிரண்டு விவரங்கள் மாறியிருக்கும். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, எது மாறியது, ஏன் மாறியிருக்கலாம் என்று பாட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசலாம்.